டிக் சத்தம் மட்டும் போதுமா?

வட்டவடை ஒரு மலை ஊர். கேரளாவில் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. மூணாறிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தூரம். தமிழ்நாட்டு எல்லை பக்கத்தில்தான். இங்கே தமிழ் பேசும் விவசாயிகள் அதிகம். மலைச் சரிவில் படிப்படியாக நிலம். கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பூண்டு எல்லாம் விளைகின்றன.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் இந்தப் பக்கம் குளிர் கடுமை. மூணாறுப் பகுதியில் சில வருடங்களில் குளிர் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். புல்லின் மேல் உப்புத் தூவியது போல உறைபனி கிடக்கும்.

குளிரில் மனிதன் போர்வைக்குள் சுருண்டு படுக்கலாம். காய்கறி வண்டி படுத்தால் கதை வேறு.

அப்படித்தான் ஒரு வண்டி மூன்று நாளாகப் படுத்துக்கொண்டது. பழைய சின்ன டீசல் லாரி. இரண்டு சிலிண்டர். வண்டிக்காரரும் அவர் மனைவியும் கடன் வாங்கி வாங்கிய வண்டி. மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். காலையில் மூட்டை ஏற்றி மூணாறு சந்தைக்குப் போனால்தான் நல்ல விலை. மதியம் போனால் வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான். முதல் நாள் கேரட் மூட்டைகள் பாதி விலைக்குப் போயின. இரண்டாம் நாள் வேறு வண்டிக்கு வாடகை கொடுத்தார்கள்.

ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினார்கள். "ஹீட்டர் பிளக் போச்சு" என்று சொல்லி இரண்டு பிளக்கையும் மாற்றினார்கள். மறுநாள் காலையும் வண்டி கிளம்பவில்லை. "அப்படின்னா பம்ப்பை இறக்கணும்" என்றார்கள். பம்ப்பை இறக்கினால் ஆயிரக்கணக்கில் செலவு.

"ரிலே எப்படி இருக்கு?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"டிக் டிக்னு சத்தம் வருதே! ரிலே நல்லாத்தான் இருக்கு."

அந்தப் பதில் சரியா? பார்ப்போம்.

மூன்று கேள்விகள்

மூன்றாம் நாள் காலை. வண்டிக்காரர் பக்கத்து ஊரிலிருந்து வயதான எலக்ட்ரீசியன் ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு கேள்வி கேட்டார்.

"செல்ஃப் எப்படிச் சுத்துது, தம்பி? வேகமாவா, இழுத்து இழுத்தா?"

"வேகமாத்தான் சுத்துது, அண்ணே. பேட்டரி புதுசு."

"மதியம் எடுக்குதா?"

"வெயில் வந்துட்டா ஒரே அடியில எடுத்துடுது."

"செல்ஃப் அடிக்கிறப்ப சைலன்சர்ல புகை வருதா?"

வண்டிக்காரர் யோசித்தார். அவர் உள்ளே உட்கார்ந்து சாவி திருப்புகிறவர். பின்னால் நடப்பது அவருக்குத் தெரியாது. அவர் மனைவி பதில் சொன்னார்.

"வெள்ளையா வருது, அண்ணே. டீசல் வாடை அடிக்குது."

"அப்ப டீசல் உள்ளே போகுது, தங்கச்சி. போன டீசல் எரியாம வெளியே வருது. பம்ப் வேலை செய்யுது. அதை இறக்க வேண்டாம். முதல்ல சூடு ஏன் வரலைன்னு பார்ப்போம்."

மூன்று கேள்விகளில் பெரிய செலவு ஒன்று தள்ளிப் போனது. செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். புகையே வராவிட்டால் டீசல் வரும் வழியைப் பார்க்க வேண்டும். வேகமாகச் சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது, வெயிலில் கிளம்புகிறது என்றால் பெரும்பாலும் சூடுதான் பிரச்சினை.

டீசல் ஏன் குளிருக்குப் பயப்படுகிறது?

பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக் உண்டு. அது தீப்பொறி விடும். பெட்ரோல் பற்றிக்கொள்ளும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பின் எப்படிப் பற்றுகிறது?

சைக்கிளுக்குக் காற்றடித்திருப்பீர்கள். வேகமாக அடித்தபின் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். டீசல் எஞ்சினிலும் இதுதான் நடக்கிறது. இப்படிப்பட்ட எஞ்சினில் காற்று இருபது பங்கில் ஒரு பங்காகச் சுருங்கும் அளவுக்கு அழுத்தப்படுகிறது. அந்தக் காற்று 500 டிகிரிக்கும் மேல் சூடாகிறது. அதன் மேல் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் என்பவர் 1897-ல் இந்த எஞ்சினை ஓட்டிக் காட்டினார். அவர் பெயரே எண்ணெய்க்கும் வந்துவிட்டது.

குளிர்ந்த காலையில் எஞ்சின் இரும்பு ஜில்லென்று இருக்கிறது. அழுத்தத்தில் வந்த சூட்டை அந்த இரும்பே குடித்துவிடுகிறது. காற்று போதுமான அளவு சுடுவதில்லை. டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாகப் போகிறது.

இதற்குத்தான் ஹீட்டர் பிளக். அடுப்பு மூட்டும்போது சுள்ளி வைக்கிறோமே, அதுபோல. ஒரு சிலிண்டருக்கு ஒன்று. பென்சில் பருமன் இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் சில நொடிகளில் அதன் நுனி பழுக்கக் காய்ந்துவிடும். 800 டிகிரி வரை போகும். அந்த நுனி பட்டு டீசல் பற்றுகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கினால் தானே சூடாகிவிடும். பிறகு பிளக்குக்கு வேலை இல்லை.

சின்னக் கை பெரிய கதவைத் திறக்கிறது

ஒரு ஹீட்டர் பிளக் பத்துப் பன்னிரண்டு ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். இரண்டு பிளக் என்றால் 24 ஆம்பியர் வரை. இவ்வளவு மின்சாரத்தைச் சாவி சுவிட்ச் வழியாக அனுப்பினால் சுவிட்ச் கருகிவிடும்.

அதனால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ரிலே.

தீப்பெட்டியைவிடச் சின்னது. கறுப்பு மூடி. உள்ளே இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று காயில். மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். சாவி திருப்பினால் காயிலில் கொஞ்சம் மின்சாரம் பாயும். ஒரு ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குதான், சில ரிலேயில் அதைவிடக் குறைவு. அப்போது காயில் காந்தமாகிவிடும்.

இரண்டாவது பகுதி பாயிண்ட். ஒரு இரும்பு நாக்கும், அது போய் ஒட்டும் இடமும். காந்தம் நாக்கை இழுக்கும். நாக்கு போய் 'டிக்' என்று ஒட்டும். ஒட்டியதும் பேட்டரியிலிருந்து வரும் பெரிய மின்சாரம் அதன் வழியே ஹீட்டர் பிளக்குக்குப் பாயும். சாவியை நிறுத்தினால் காந்தம் போய்விடும். ஸ்பிரிங் நாக்கைப் பின்னால் இழுத்துக்கொள்ளும்.

ரிலேயை முதலில் செய்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி. 1835-ல் செய்தார். பிறகு தந்திக்கு அது மிகவும் பயன்பட்டது. தூரத்திலிருந்து சோர்ந்துபோய் வரும் மின்சாரம் ஒரு ரிலேயைத் தட்டும். அந்த ரிலே புது மின்சாரத்தை அடுத்த ஊருக்கு அனுப்பும். நம் நாட்டில் தந்தி 2013 ஜூலையில் நின்றுவிட்டது. ரிலே நிற்கவில்லை. ஹாரன், ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன், செல்ஃப் என்று வண்டி முழுக்க உட்கார்ந்திருக்கிறது.

நாலு கால், நாலு எண்

எலக்ட்ரீசியன் ரிலேயை உருவி எடுத்தார். கவிழ்த்துப் பார்த்தார். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். கறுப்பு மேல் கறுப்பாக எழுத்து. அவருக்குத் தெரியவில்லை.

"தங்கச்சி, கால் பக்கத்துல நம்பர் இருக்கும். படிச்சுச் சொல்லுமா."

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். ரிலேயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"எண்பத்தஞ்சு... எண்பத்தாறு... இது முப்பது... இது எண்பத்தேழு."

"மூடி மேல?"

"பன்னிரண்டு. பக்கத்துல ஒரு இங்கிலீஷ் எழுத்து. கீழே நாற்பது."

அந்த எழுத்து வோல்ட்டைக் குறிக்கும். இது 12 வோல்ட் ரிலே. 40 ஆம்பியர் தாங்கும். பெரிய லாரிகளில் 24 வோல்ட் இருக்கும். ஒன்றை எடுத்து மற்றதில் போடக் கூடாது.

கால்களில் இருக்கும் எண்களுக்கு அர்த்தம் இதுதான்:

30 – பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயர்.
87 – ஹீட்டர் பிளக்குக்குப் போகும் தடித்த ஒயர்.
86 – சாவியிலிருந்து அல்லது டைமரிலிருந்து வரும் மெல்லிய ஒயர்.
85 – எர்த்துக்குப் போகும் மெல்லிய ஒயர்.

சில வண்டிகளில் 85-ம் 86-ம் இடம் மாறி இணைந்திருக்கும். சில ரிலேயில் ஐந்தாவது கால் ஒன்று நடுவில் இருக்கும். அதன் எண் 87ஏ. ரிலே சும்மா இருக்கும்போது அதில்தான் மின்சாரம் போகும். ஹீட்டருக்கு அது தேவைப்படாது.

இந்த எண்கள் எந்தக் கம்பெனி ரிலேயிலும் பெரும்பாலும் இவைதான். ஆனால் ஒன்று. எண் ஒன்றாக இருந்தாலும் கால் இருக்கும் இடம் ஒன்றாக இருக்காது. பார்க்க அச்சு அசலாக இருக்கும் இரண்டு ரிலேயில் 30-ம் 86-ம் இடம் மாறியிருக்கலாம். சாக்கெட்டில் அழகாகப் போய் உட்காரும். வேலை மட்டும் செய்யாது. ஃபியூஸும் போகலாம். "பழசு மாதிரியே இருக்கு" என்று கண்ணை நம்பி வாங்குவதைவிட எண்ணைப் படித்து வாங்குவது மேல்.

சோதனை தொடங்குகிறது

எலக்ட்ரீசியன் பையிலிருந்து டெஸ்ட் லேம்ப்பை எடுத்தார். சின்ன 12 வோல்ட் பல்ப். அதில் இரண்டு ஒயர். ஒன்றின் முனையில் கிளிப். மற்றதில் ஊசி.

முதலில் வண்டியை நியூட்ரலில் போடச் சொன்னார். ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று. சக்கரத்துக்குக் கட்டையும் வைத்தாயிற்று. கையில் இருந்த மோதிரத்தைக் கழற்றினார். பேட்டரி முனையும் பாடியும் மோதிரத்தில் பட்டால் விரல் வெந்துவிடும்.

அடுத்து டெஸ்ட் லேம்ப்பையே சோதித்தார். கிளிப்பை எஞ்சின் இரும்பில் மாட்டினார். ஊசியைப் பேட்டரி பிளஸ்ஸில் வைத்தார். பல்ப் எரிந்தது. இதை விட்டுவிடக் கூடாது. பல்ப் ஃபியூஸாகி இருந்தால் நல்ல ஒயர் எல்லாம் கெட்ட ஒயராகத் தெரியும்.

ரிலேயைத் திரும்பவும் சாக்கெட்டில் மாட்டினார். சாக்கெட்டின் பின்பக்கம் ஒயர் நுழையும் துளையில் ஊசியை மெதுவாக விட்டார்.

30-ல் வைத்தார். சாவி போடாமலேயே பல்ப் எரிந்தது. பேட்டரியிலிருந்து மின்சாரம் ரிலே வரைக்கும் வருகிறது. ஃபியூஸ் சரி. இங்கே எரியாவிட்டால் ரிலேயை விட்டுவிட்டு ஃபியூஸையும் ஒயரையும் பார்க்க வேண்டும்.

86-ல் வைத்தார். "சாவி போடுங்க, தம்பி." பல்ப் எரிந்தது. சாவியும் டைமரும் சரி. இங்கே எரியாவிட்டால் குறை அந்தப் பக்கம்.

பிறகு சாவியை நிறுத்தச் சொன்னார். கிளிப்பை எடுத்துப் பேட்டரி பிளஸ்ஸில் மாட்டினார். ஊசியை 85-ல் வைத்தார். எரிந்தது. அப்படியென்றால் 85-க்கு எர்த் சரியாகக் கிடைக்கிறது. மலை ஊர்களில் எப்போதும் ஈரம். எர்த் ஒயர் பாடியில் சேரும் இடத்தில் துருவும் பச்சைக் களிம்பும் பிடித்துவிடும். பாதி வண்டிகளில் வியாதி அங்கேதான்.

இப்போது மூன்று காலும் சரி. சாவி போட்டால் 'டிக்' சத்தமும் கேட்கிறது. விரலை ரிலே மேல் வைத்தால் துடிப்பும் தெரிகிறது. டேஷ்போர்டில் சுருள் கம்பி படம் போட்ட மஞ்சள் விளக்கும் எரிந்து அணைகிறது.

"எல்லாம் நல்லா இருக்கே, அண்ணே!" என்றார் வண்டிக்காரர்.

"டிக் சத்தம் யாரோடது, தம்பி? நாக்கு போய் ஒட்டுற சத்தம். காயில் நல்லா இருக்குன்னு அது சொல்லுது. ஒட்டின இடத்துல மின்சாரம் போகுதான்னு அது சொல்லாது. கதவு திறக்கிற சத்தம் கேட்டா ஆள் உள்ளே வந்துட்டாருன்னு அர்த்தமா?"

மஞ்சள் விளக்கும் அப்படித்தான். பழைய வண்டிகளில் அந்த விளக்கு டைமர் வேலை செய்வதை மட்டும் காட்டும். பிளக் சூடானதா என்று அதற்குத் தெரியாது.

விளக்கும் ஏமாற்றும்

மீதி இருப்பது 87. இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். அதனால் மெதுவாகப் படியுங்கள்.

கிளிப்பை மறுபடி எஞ்சின் இரும்பில் மாட்டினார். ஹீட்டர் பிளக்குக்குப் போகும் ஒயரை, பிளக் பக்கம் கழற்றி, எதன் மேலும் படாமல் துணி சுற்றி வைத்தார். சாவி போடச் சொல்லி ஊசியை 87-ல் வைத்தார்.

பல்ப் பளிச்சென்று எரிந்தது.

"பாருங்க, எரியுது! ரிலே நல்ல ரிலே" என்றார் வண்டிக்காரர்.

எலக்ட்ரீசியன் சிரித்தார். சாவியை நிறுத்திவிட்டு ஒயரைத் திரும்பப் பிளக்கில் மாட்டினார். மறுபடி சாவி. மறுபடி 87.

இந்த முறை பல்ப் மங்கலாக எரிந்தது. சிமினி விளக்கில் எண்ணெய் தீர்ந்ததுபோல.

ஏன்? ரிலேக்குள் நாக்கு ஒட்டும் இடம் கருகியிருக்கிறது. கருகிய இடத்தில் கொஞ்சம் மின்சாரம் நுழைந்து போகும். டெஸ்ட் லேம்ப்புக்குக் கொஞ்சம் போதும். அதனால் பளிச்சென்று எரிகிறது. ஹீட்டர் பிளக்குக்கு 24 ஆம்பியர் வேண்டும். அவ்வளவு பெரிய கூட்டம் அந்தக் குறுகிய சந்தில் நுழைய முடியாது. ஒற்றையடிப் பாதையில் ஒரு ஆள் சுலபமாக நடந்து போய்விடுவார். திருவிழாக் கூட்டம் போக முடியுமா?

எனவே சுமை இல்லாமல் ரிலேயைச் சோதித்தால் பாதிச் சோதனைதான். சுமையை மாட்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் இதைக் கணக்காகவே பார்க்கலாம். அவர் வைத்திருந்தார். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்தார். பிளக் ஒயர் மாட்டியபடி இருந்தது. மீட்டரின் ஒரு ஊசி 30-ல், மற்றது 87-ல். சாவி போட்டதும் மீட்டர் 4.8 காட்டியது. வண்டிக்காரரின் மனைவிதான் படித்துச் சொன்னார்.

நல்ல ரிலேயில் இந்த இடத்தில் ஏறத்தாழ 0.2 வோல்ட் இருக்கும். பூஜ்யத்துக்குப் பக்கம். 4.8 என்றால் அவ்வளவு வோல்ட் வழியிலேயே வீணாகிறது. பேட்டரியில் அப்போது 11.8 இருந்தது. கழித்துப் பாருங்கள். பிளக்குக்குக் கிடைத்தது 7 வோல்ட்தான். 7 வோல்ட்டில் பிளக் பாதி சூடுகூட ஆகாது. வோல்ட் குறைந்தால் சூடு அதைவிட வேகமாகக் குறையும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடுதான் வரும்.

வீணாகும் மின்சாரம் எங்கே போகிறது? ரிலேயைத் தொட்டால் தெரியும். அதன் மூடி சுட்டது. குளிரில் சூடாக வேண்டிய பிளக் சூடாகவில்லை. சூடாகக் கூடாத ரிலே சூடாகிறது!

புதிதாகப் போட்ட பிளக்குகளையும் பார்த்துவிட்டார். ஒயரைக் கழற்றினார். கிளிப்பைப் பேட்டரி பிளஸ்ஸில் போட்டு, ஊசியை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்தார். இரண்டிலும் பல்ப் எரிந்தது. உள்ளே கம்பி அறுந்துபோகவில்லை. கழற்றிப் போட்ட பழைய பிளக்குகளையும் இதேபோல எஞ்சின் இரும்பில் பிடித்துப் பார்த்தார். அவையும் எரிந்தன! நல்ல பிளக்குகளைக் கழற்றிவிட்டுத்தான் புதிதாக வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

மூட்டைகள் ஏற்றியாகிவிட்டது. சந்தைக்கு நேரமாகிறது. அவர் ரிலேயை உருவினார். 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த தடித்த ஒயர் ஒன்றை எடுத்தார். சாக்கெட்டில் 30-க்கும் 87-க்கும் நடுவில் அதை மாட்டினார். ரிலே செய்ய வேண்டிய வேலையை இப்போது அந்த ஒயர் செய்கிறது. ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணினார். "அடிங்க!"

வண்டி இரண்டே சுற்றில் கிளம்பியது. உடனே ஒயரை உருவிவிட்டார். அப்படியே விட்டால் பிளக் கருகிவிடும்.

ரிலேக்குள் என்ன இருந்தது?

மூடியைத் திறந்து காட்டினார். பாயிண்ட் இரண்டும் கறுத்து, அரித்துப் போயிருந்தன. பாயிண்ட்டில் வெள்ளி கலந்த உலோகம் இருக்கும். ஒவ்வொரு முறை ஒட்டிப் பிரியும்போதும் சின்னப் பொறி பறக்கும். வருடக்கணக்கில் பறந்தால் தேயத்தான் செய்யும்.

உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் ஆகாதா? சில நாள் ஓடும். மேலே இருக்கும் வெள்ளி போய்விட்டால் இன்னும் சீக்கிரம் கருகும். வழியில் நின்றுவிட்டால் கை கொடுக்கும் வைத்தியம் அது. வீட்டுக்கு வந்தபின் மாற்றிவிட வேண்டும்.

சாக்கெட்டையும் பார்த்தார். 30-ம் எண் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருந்தது. உள்ளே கிளிப் தளர்ந்திருந்தது. தளர்ந்த இடம் சூடாகும். புது ரிலேயை மட்டும் மாட்டிவிட்டுப் போனால் அதுவும் சீக்கிரமே கருகும். கிளிப்பை மாற்றி, களிம்பைச் சுரண்டி, ஒயரை இறுக்கிய பிறகே புது ரிலேயை மாட்டினார். மாட்டிவிட்டு மீண்டும் 30-க்கும் 87-க்கும் மீட்டர் வைத்தார். 0.1 காட்டியது. புது ரிலேயின் விலை, மாற்றிய இரண்டு பிளக்கின் விலையைவிடக் குறைவு.

தனியே எடுத்துச் சோதிக்க

வண்டியில் இல்லாத ரிலேயையும் சோதிக்கலாம். பழைய ஹெட்லைட் பல்ப் ஒன்று வேண்டும். அது நாலைந்து ஆம்பியர் இழுக்கும். சின்ன டெஸ்ட் பல்பைவிட இது நல்ல சாட்சி. ஒயரில் ஒரு ஃபியூஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு ஒயர் 30-க்கு. 87-லிருந்து ஹெட்லைட் பல்புக்கு. பல்பின் மறுமுனை பேட்டரி மைனஸுக்கு. இப்போது பல்ப் எரியக் கூடாது. எரிந்தால் பாயிண்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று பொருள். அது இன்னும் மோசம். இரவெல்லாம் பிளக் சூடாகி, காலையில் பேட்டரியும் இருக்காது, பிளக்கும் இருக்காது.

அடுத்து 86-க்குப் பிளஸ், 85-க்கு மைனஸ் கொடுங்கள். டிக் சத்தம் வர வேண்டும். பல்ப் முழு வெளிச்சமாக எரிய வேண்டும். பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுக்காதீர்கள். சில ரிலேக்குள் டயோடு இருக்கும். மாற்றிக் கொடுத்தால் அது போய்விடும். பத்துப் பதினைந்து முறை டிக், டிக் என்று போட்டுப் பாருங்கள். ஒரு தடவை எரிந்து ஒரு தடவை மங்கினாலும் அந்த ரிலேயை நம்ப வேண்டாம்.

கவனம்

கிளம்பாத வண்டியில் பெட்ரோல் நனைத்த துணியைக் காற்று போகும் வாயில் காட்டுவார்கள். ஈதர் ஸ்பிரேயும் அடிப்பார்கள். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் இது ஆபத்து. பழுத்த பிளக் மேல் அந்த ஆவி பட்டால் வெடிக்கும். பிஸ்டன் உடையலாம். முகம் வேகலாம். டேங்குக்கு அடியில் தீ மூட்டுவது அதைவிடப் பெரிய விபரீதம்.

மலைச் சரிவில் வண்டியை உருட்டிக் கிளப்புவதும் வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வேக்குவம் கிடைக்காது. பிரேக் கல் மாதிரி இருக்கும். மிகவும் அழுத்தி மிதித்தால்தான் வண்டி நிற்கும்.

பேட்டரி பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும்.

இங்கே சொன்ன சோதனை பழைய வகை வண்டிக்கு, நாலு கால் ரிலேக்கு. டைமரும் ரிலேயும் ஒரே பெட்டியில் இருந்தால் எண்கள் வேறாக இருக்கும். 2020 ஏப்ரலிலிருந்து விற்பனைக்கு வரும் பி.எஸ். 6 வண்டிகளில் ஹீட்டரைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அதன் ஒயர்களில் டெஸ்ட் லேம்ப்பைக் குத்தினால் கம்ப்யூட்டரே போய்விடலாம். அந்த வண்டிகளின் பிளக் சிலவற்றுக்கு 12 வோல்ட் ஆகாது. நேராகப் பேட்டரி கொடுத்தால் நொடியில் எரிந்துவிடும்.

குளிரிலும் பல வகை உண்டு. லடாக் போன்ற இடங்களில் குளிர் பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழேகூடப் போகும். அங்கே டீசலே மெழுகு மாதிரி உறைந்துவிடும். அதற்கு ரிலேயால் ஒன்றும் செய்ய முடியாது. உறையாத டீசல் வேண்டும். 2019-ல் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்கில் அப்படி ஒரு குளிர்கால டீசலை விற்கத் தொடங்கியது. நம் மலைகளில் டீசல் உறைவதில்லை. ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்தால் போதும்.

செய்து பாருங்கள்

1. உங்கள் ஊரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்குப் போங்கள். பழைய ரிலே ஒன்று கேளுங்கள். அதன் மேலும் கீழும் உள்ள எண்களைப் படித்து எழுதுங்கள்.

2. பேட்டரியில் 12.0 வோல்ட். சாவி போட்டபோது 30-க்கும் 87-க்கும் நடுவில் மீட்டர் 3.5 காட்டுகிறது. பிளக்குக்கு எத்தனை வோல்ட் கிடைக்கிறது?

3. ஒரு வண்டியில் ஒரு பிளக் 12 ஆம்பியர் இழுக்கிறது. நாலு பிளக் இருக்கிறது. 30 ஆம்பியர் ரிலே தாங்குமா?

4. ஒரு வண்டி காலையில் கிளம்பவில்லை. ரிலே டிக் என்கிறது. பிளக் ஒயரைக் கழற்றினால் 87-ல் பல்ப் பளிச். ஒயரை மாட்டினாலும் அதே பளிச்; ரிலே கொஞ்சமும் சுடவில்லை. அடுத்து எதைச் சோதிப்பீர்கள்? ஏன்?